ஹாலில் சின்ன விஆர் கணினி: எந்தத் தொந்தரவுக்கு எந்தப் பாகம்

எங்கள் வீடு மதுரை விளாங்குடியில். ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஒரு பக்கம் டிவி ஸ்டாண்டு, எதிரே சோபா. நடுவில் கிடக்கும் டீப்பாயை நகர்த்திவிட்டால் ஒரு ஆள் கையை நீட்டிச் சுற்றிவர இடம் கிடைக்கும். விஆர் என்பது தலையில் ஹெட்செட் மாட்டி, கண்முன் விரியும் கணினி உலகத்துக்குள் விளையாடுவது. எழுந்து நடமாடி விளையாட, அதை ஓட்டும் ஸ்டீம்விஆர் மென்பொருள் கேட்கிற குறைந்தபட்ச இடம் 2 மீட்டருக்கு 1.5 மீட்டர். அது எங்கள் ஹாலில் கிடைத்தது. டிவிக்குப் பக்கத்தில் அடங்குகிற மாதிரி ஒரு சின்னக் கணினியை எனக்காகக் கட்டினேன். அதைப் பார்த்துவிட்டுச் சொந்தக்காரர்களும் நண்பர்களும் கேட்க, அவர்களுக்கும் கட்டிக் கொடுத்தேன். ஏதாவது தொந்தரவு என்று போன் வந்தால் முதல் கேள்வி ஒன்றுதான்: "கார்டு பத்தலையோ?" கார்டு என்றால் படத்தை வரையும் கிராஃபிக்ஸ் கார்டு.

நான் பார்த்தவரை பெரும்பாலும் கார்டு பத்தும். காற்று போகாது, இல்லையென்றால் கரண்ட் ஒழுங்காக வராது, அதுவும் இல்லையென்றால் ஹெட்செட்டுக்கும் கணினிக்கும் நடுவில் வழி குறுகலாக இருக்கும். பெரிய கார்டு வாங்கிப் போட்டால் இந்த மூன்றில் முதல் இரண்டும் இன்னும் மோசமாகும். அதனால் எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது என்று எழுதுகிறேன். இனிமேல்தான் பாகம் வாங்கப்போகிறீர்கள் என்றாலும் படியுங்கள். பின்னால் வரும் தொந்தரவு முன்னால் வாங்கிய பாகத்தில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு வரைபடம்

ஸ்டீம்விஆரில் ஒவ்வொரு படமும் தயாராக எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஃப்ரேம் டைமிங் வரைபடம் இருக்கிறது, அதைத் திறந்து வையுங்கள். ஹெட்செட் 90 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 90 படம் என்று ஓடினால் ஒவ்வொரு படமும் 11.1 மில்லிசெகண்டுக்குள் தயாராக வேண்டும். 72 ஹெர்ட்ஸ் என்றால் 13.9 வரை நேரம் உண்டு. 120 என்றால் 8.3தான். கார்டின் நேரமும் பிராசஸரின் நேரமும் தனித்தனியாகத் தெரியும். ஆரம்பத்திலிருந்தே கார்டின் கோடு எல்லையைத் தாண்டி நின்றால்தான் கார்டு பத்தவில்லை என்று பொருள். முதலில் ஒழுங்காக இருந்து போகப்போக ஏறினால் சூடு. கோடு கடைசிவரை எல்லைக்குள் இருந்தும் கண்ணுக்குப் படம் உடைந்தால் வைஃபையோ கேபிளோ. வரைபடத்தோடு சேர்ந்து கணினியே அணைந்துபோனால் மின்சாரம்.

பத்து நிமிஷம் நன்றாக ஓடி, அப்புறம் திக்குகிறது

மதுரையில் அதிகம் வருவது இதுதான். போன சித்திரைத் திருவிழாவுக்கு, அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வந்த பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் எங்கள் மாமா வீட்டு ஹாலில் கூடிவிட்டார்கள். ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று முறை வைத்து விளையாடினார்கள். முதல் இரண்டு பேருக்கு ஒன்றும் இல்லை. மூன்றாவதாகப் போட்ட பெண், "மாமா, தலையைத் திருப்புனா உலகம் பின்னாடியே இழுபட்டு வருது" என்று ஹெட்செட்டைக் கழற்றிவிட்டாள். மாமா கணினியைத் தேக்கு டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் வைத்து, தூசி போகக்கூடாது என்று கதவையும் சாத்தியிருந்தார். நான் போய்க் கதவைத் திறந்தேன். இட்லிச் சட்டியைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது.

உள்ளே நடப்பது இதுதான். என்விடியா கார்டுகள் பெரும்பாலும் 83 டிகிரியை ஒட்டியதும் தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவரை 10 மில்லிசெகண்டில் தயாரான படம் 12 ஆகிறது. சாதாரணத் திரையில் 90 படம் 83 ஆனால் யாருக்கும் தெரியாது. விஆரில் 11.1ஐத் தாண்டியதும் மென்பொருள் வேகத்தை நேர்பாதியாக 45க்கு இறக்கி, நடுவில் வரவேண்டிய படங்களை ஊகித்து நிரப்புகிறது. அந்தப் பெண் பார்த்த இழுபறி அதுதான். கொஞ்சம் சூடு, ஆனால் பாதி வேகம் போய்விடுகிறது.

சோதிப்பது சுலபம். கணினியை வெளியே எடுத்துத் தரையில் வைத்து, பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் விளையாடுங்கள். திக்கல் போய்விட்டால் பணம் செலவழிக்க வேண்டிய இடம் கேஸ், அதாவது கணினியின் பெட்டி. ஸ்டாண்டின் கதவையும் கழற்றிவிடுங்கள்.

பாகம் தேர்ந்தெடுக்கும்போது மே மாத மத்தியானத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபேன் சுற்றுகிற ஹாலில்கூடக் காற்று 35 டிகிரி இருக்கும். குளிரூட்டிய அறையில் எடுத்த சோதனை முடிவுகளைப் பார்த்து வாங்கினால் பத்துப் பன்னிரண்டு டிகிரி வித்தியாசத்தை நீங்கள்தான் சுமக்க வேண்டும். கார்டு காற்றை இழுக்கிற பக்கம் முழுக்கச் சல்லடைத் தகடு உள்ள கேஸாகப் பாருங்கள், கண்ணாடி வேண்டாம். பிராசஸரில் 65 வாட் வகையே போதும். ரைசன் 5 7600 லேபிளில் 65 வாட், முழு வேலையில் 88 வாட் வரை இழுக்கும். அதே குடும்பத்தில் கடைசியில் எக்ஸ் போட்டது 142 வரை போகும். அந்தக் கூடுதல் சூட்டுக்கு ஏற்ற லாபம் விளையாட்டில் கிடைப்பதில்லை. கார்டிலும் அதே கணக்குதான்: ஆர்டிஎக்ஸ் 4060க்கு 115 வாட், 4060 டிஐக்கு 160, 4070க்கு 200. ஒரு ஷூ பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கேஸுக்குள் 200 வாட்டை வைப்பதற்கு முன் அந்தச் சூடு எந்த வழியாக வெளியே போகும் என்று விரலால் கோடு போட்டுப் பாருங்கள்.

ஏற்கெனவே வாங்கியாயிற்றா? கார்டின் பவர் எல்லையை 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் ஒரு கோட்டை நகர்த்தினால் போதும். வேகத்தில் போவது சொற்பம், சூட்டில் குறைவது கண்கூடாகத் தெரியும்.

தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரில் தெருப்பக்கம் ஜன்னல் உள்ள ஹால் என்றால் ஒரு மாதத்தில் சல்லடையில் சாம்பல் நிறத்தில் படலம் படியும். பெயின்ட் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டி எடுக்கலாம். அப்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுற்றவிடாதீர்கள். கொசுவலையை வெட்டி ஒட்டுவதை நிறைய வீடுகளில் பார்க்கிறேன். அது தூசியோடு காற்றையும் தடுக்கிறது. எடுத்துவிடுங்கள்.

விளையாடிக்கொண்டிருக்கும்போதே பொட்டென்று அணைகிறது

எப்போது அணைகிறது என்று கவனியுங்கள். தெருவில் கரண்ட் போகும் அதே நொடியில் என்றால் இன்வெர்ட்டர். கரண்ட் இருக்கும்போதே, காட்சி கனமாகும் இடத்தில் என்றால் பவர் சப்ளை.

என் வீட்டில் முதல் வகை. ஃபேனும் லைட்டும் கண் சிமிட்டாமல் இன்வெர்ட்டருக்கு மாறும். கணினி மட்டும் போய்விடும். நான் பவர் சப்ளையையே மாற்ற இருந்தேன். வேறு வேலையாக வந்த எலக்ட்ரீசியன் அண்ணன் கேட்டார், "தம்பி, யுபிஎஸ் மோடுல வச்சிருக்கீங்களா, நார்மலா?" இன்வெர்ட்டருக்குப் பின்னால் விரல்நுனி அளவுக்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது. நார்மலில் கிடந்தது. யுபிஎஸ் பக்கம் தள்ளியதும் தீர்ந்தது. கரண்ட் அறுந்தால் கணினியின் பவர் சப்ளை தன் சேமிப்பில் சுமார் 16 மில்லிசெகண்ட் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் வரையறை. சின்னக் கேஸுக்கான எஸ்எஃப்எக்ஸ் வகைப் பவர் சப்ளையில் அந்தச் சேமிப்பை வைக்கும் கெபாசிட்டருக்கு இடம் குறைவு, முழுச் சுமையில் அதற்கும் கீழே போகலாம். நார்மல் மோடில் இன்வெர்ட்டர் மாற எடுத்துக்கொள்ளும் நேரம் அதைவிட அதிகம்.

இதில் இன்னொரு பாடம்: கட்டம் கட்டமான அலையாகக் கரண்ட் தரும் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் இந்தக் கணினியை ஓட்டாதீர்கள். இப்போதைய நல்ல பவர் சப்ளைகள் ஆக்டிவ் பிஎஃப்சி வகை, அதாவது கரண்டை அலையின் வடிவத்துக்கு ஏற்ப இழுப்பவை. அவற்றுக்கு, தெருக் கரண்டைப் போல வளைந்தோடும் சைன் வேவ்தான் ஒத்துப்போகும். அதோடு வீட்டு இன்வெர்ட்டரில் ஏற்கெனவே மூன்று ஃபேன், நாலு லைட் தொங்கிக்கொண்டிருக்கும். முடிந்தால் கணினிக்கென்று தனியாக ஒரு சைன் வேவ் யுபிஎஸ் வையுங்கள். ஹெட்செட் போட்டவர் பதறாமல் கழற்றி, ஆட்டத்தைச் சேமித்து அணைக்க ஐந்து நிமிஷம் கிடைத்தால் போதும். கண்ணை மூடிக்கொண்டு ஹால் நடுவில் நிற்கிற ஆளுக்கு அந்த ஐந்து நிமிஷம் பெரிய விஷயம்.

இரண்டாவது வகைக்கு வாட் கூட்டல். பிராசஸர் 88, கார்டு 160, மற்றதெல்லாம் சேர்த்து 50. மொத்தம் 300 வாட் சுற்றி. 450 போதும் என்று தோன்றும். ஆனால் கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்கு இரண்டு மடங்கு இழுக்கும், அப்போது மலிவான பவர் சப்ளை பயந்து அணைத்துவிடும். ஏடிஎக்ஸ் 3.0 என்று போட்டவை அந்தத் திடீர் இழுப்பைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. அதில் 650 வாட் எஸ்எஃப்எக்ஸ் எடுங்கள். கேஸோடு இலவசமாக வரும் பவர் சப்ளையை இந்தக் கணினியில் தயவுசெய்து போடாதீர்கள்.

சாயங்காலம் வோல்டேஜ் குறைகிறது, ஸ்டெபிலைசர் வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பவர் சப்ளையின் மேல் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் அதற்குத் தேவையில்லை.

கேஸைத் தொட்டால் சுர்ரென்கிறது

விளையாட்டை நிறுத்துங்கள். எர்த் இல்லை. பவர் சப்ளையின் உள்ளே இரைச்சலை வடிகட்ட இரண்டு கெபாசிட்டர்கள் எர்த்தோடு சேர்ந்திருக்கும். எர்த் துண்டிக்கப்பட்டால் 230இல் பாதி, அதாவது 115 வோல்ட்டை ஒட்டி, கேஸின் தகட்டில் வந்து நிற்கும். மிகச் சின்ன கரண்ட்தான், ஆனால் வெறுங்காலோடு மொசைக் தரையில் நிற்கிறவருக்கு நன்றாகவே தெரியும். செல்லூர், சிம்மக்கல் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், பின்னால் எர்த் வயர் இருக்காது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். மூன்று முள்ளை இரண்டாக்கும் அடாப்டரை வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள்.

பாகம் வந்துவிட்டது, கேஸுக்குள் போகவில்லை

ஆன்லைனில் ஒவ்வொன்றாக ஆர்டர் போடுகிறவர்களுக்கு இது வரும். மினி ஐடிஎக்ஸ் என்ற சின்ன மதர்போர்டு 170க்கு 170 மில்லிமீட்டர், அதில் தகராறு இல்லை. எஸ்எஃப்எக்ஸ் பவர் சப்ளையின் ஆழம் 100 மில்லிமீட்டர். பெயரில் எல் சேர்ந்தால் 130 ஆகிவிடும், அந்த 30இல்தான் கேபிள்கள் மடங்கியிருக்க வேண்டும். பிராசஸர் மேல் உட்காரும் கூலரின் உயரத்தைக் கேஸின் எல்லையோடு ஒப்பிடும்போது ராம் குச்சியின் உயரத்தையும் பாருங்கள். அலங்கார விளக்கு வைத்த ராம் தாழ்ந்த கூலருக்கு அடியில் நுழையாது. போர்டில் ராமுக்கு இரண்டே இடம், அதனால் ஆரம்பத்திலேயே 16 ஜிபி குச்சிகள் இரண்டாக வாங்குங்கள். ஒன்றை வாங்கி, அடுத்ததைத் தீபாவளிக்குப் பார்க்கலாம் என்று விட்டால் அதுவரை பிராசஸரின் கோடு அங்கிட்டும் இங்கிட்டும் குதித்துக்கொண்டே இருக்கும்.

கார்டின் நீளத்தை எல்லோரும் அளக்கிறார்கள். தடிமனையும், மேலே எழும் பவர் கேபிளையும் அளப்பதில்லை. 4070 போன்றவற்றில் வரும் புதுவகை 16 முள் இணைப்பு என்றால் அது வெளிவந்து குறைந்தது 35 மில்லிமீட்டர் நேராகப் போய் அப்புறம்தான் வளைய வேண்டும். பக்கத் தகடு அதை அழுத்துகிற கேஸில் அந்தக் கார்டைப் போடக்கூடாது. இணைப்பு சரியாக உட்காராமல் சூடேறி உருகிய கதைகள் அங்கேதான் தொடங்குகின்றன. அட்டையில் கார்டின் அளவை வெட்டி, கேபிளுக்கு ஒரு தாள்சுருளை ஒட்டிக் கேஸில் வைத்துப் பார்ப்பேன். கடைக்காரர் அண்ணன் சிரிக்காமல் கத்தரிக்கோல் எடுத்துக் கொடுப்பார், அவருக்குத் தெரியும்.

ஆன் ஆகிறது, படம் வரவில்லை. அல்லது ஆட்டம் தொடங்கியதும் கறுப்பு

முதலில் டிவியின் எச்டிஎம்ஐ வயர் கார்டில் செருகியிருக்கிறதா, போர்டில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். கார்டில்தான் இருக்க வேண்டும்.

அது சரியென்றால், கார்டைப் போர்டோடு சேர்க்கும் பட்டை கேபிள், அதாவது ரைசர். கார்டைத் திருப்பி வைக்கிற கேஸ்களில் இது கட்டாயம். கார்டும் போர்டும் பேசும் பிசிஐஇ இணைப்புக்குத் தலைமுறைகள் உண்டு, அவைதான் ஜென் 3, ஜென் 4. ஜென் 3க்கு என்று செய்த ரைசரில் ஜென் 4 கார்டு முழு வேகத்தில் பேச முயன்று, பேச்சு சிதறி, கறுப்பாகிவிடும். ஒரு நண்பர் வீட்டில் இதற்காகக் கார்டை இரண்டு தடவை மாற்றிவிட்டார்கள். ரைசரை எடுத்துவிட்டு நேரடியாகப் போர்டில் செருகி, கேஸுக்கு வெளியே மேஜையில் ஓட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. உடனடித் தீர்வு: கணினி ஆன் ஆகும்போது திறக்கிற பயாஸ் அமைப்புக்குப் போய் அந்த ஸ்லாட்டை ஜென் 3 என்று வையுங்கள். தரவு போக 16 தடம் உள்ள கார்டு அதில் இழப்பது மிகக் குறைவு. 4060, 4060 டிஐ இரண்டும் 8 தடம்தான். அவற்றின் 8 ஜிபி நினைவகம் நிரம்பி வழியும்போது இழப்பு தெரியும். அந்தக் கார்டு என்றால் ஜென் 4 ரைசரே வாங்குங்கள்.

நினைவகம் நிரம்பியதன் அடையாளம் தனி. ஓட்டம் நன்றாக இருக்கும், புது இடத்துக்குத் திரும்பும்போது மட்டும் ஒரு தடுக்கல் தட்டும். மெட்டாவின் குவெஸ்ட் 3 ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கு 2064க்கு 2208 புள்ளிகள். அதை முழு அளவில் ஊட்ட 8 ஜிபி திணறும். விளையாட்டின் டெக்ஸ்சர் (பொருள்களின் மேல் ஒட்டும் படங்கள்) அளவை ஒரு படி இறக்கிப் பாருங்கள். இனி வாங்குகிறவர்கள் 12 ஜிபிக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது.

படம் கட்டம் கட்டமாக உடைகிறது

வரைபடம் சுத்தமாக இருந்து இது மட்டும் என்றால் கணினியைத் தொடாதீர்கள். வயர் இல்லாமல் விளையாடுகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி: கணினியும் வைஃபையில் இருக்கிறதா? இருந்தால் ஒவ்வொரு படமும் கணினியிலிருந்து ரௌட்டருக்கு ஒரு முறை, ரௌட்டரிலிருந்து ஹெட்செட்டுக்கு ஒரு முறை என்று ஒரே காற்றில் இரண்டு தடவை போகிறது. கணினிக்கும் ரௌட்டருக்கும் ஒரு லேன் கேபிள் போடுங்கள். கேட் 6, பத்து மீட்டர், சுவரோரமாக ஓட்டிவிடலாம். நான் செய்ததிலேயே மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தந்தது இதுதான்.

அப்புறம் ரௌட்டர் இருக்கும் இடம். நம் வீடுகளில் ஃபைபர் எங்கே உள்ளே வந்ததோ அங்கேயே, வாசல் கதவுக்கு மேலே, மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். நடுவில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இருந்தால் வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை பாதி செத்துவிடும். ஹெட்செட் 5 கிகாஹெர்ட்ஸில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு அலைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் அது வேகம் குறைந்த 2.4க்கு ஒட்டிக்கொள்ளலாம். ஹாலிலேயே ஒரு வைஃபை 6 ரௌட்டர் தனியாக வைத்து, அதில் ஹெட்செட்டை மட்டும் சேர்ப்பது நல்ல ஏற்பாடு.

வயரோடு விளையாடுகிறவர்கள் கேஸின் முன்பக்க யூஎஸ்பியை விட்டுவிட்டு, பின்னால் போர்டிலேயே உள்ள துளையில் செருகுங்கள். முன்பக்கத் துளைக்கு உள்ளே இன்னொரு கேபிள் ஓடுகிறது, சிக்னல் அங்கேயே பலவீனமாகிவிடும். யூஎஸ்பி 3க்கு 5 மீட்டர் வேண்டுமென்றால் சிக்னலைப் பெருக்கித் தரும் ஆக்டிவ் கேபிள்தான் வாங்க வேண்டும். போர்டு வாங்கும்போதே பின்பக்கம் எத்தனை யூஎஸ்பி 3 துளை என்று எண்ணிவிடுங்கள். ஐடிஎக்ஸில் சிலவற்றில் மிகக் குறைவு.

சோபாவிலிருந்து வயர்லெஸ் கீபோர்டு திக்குகிறதா? யூஎஸ்பி 3 துளை 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும். அந்தக் குட்டி ரிசீவரை ஒரு மீட்டர் நீட்டிப்பு வயரில் போட்டு டிவிக்கு முன்னால் வையுங்கள், சரியாகிவிடும்.

கை தனியாக மிதந்து போகிறது

இதற்கு எந்தப் பாகமும் வாங்க வேண்டாம். ஹெட்செட்டின் கேமராக்கள் அறையைப் பார்த்துத்தான் தங்கள் இடத்தைக் கண்டுபிடிக்கின்றன. ஷோகேஸ் கண்ணாடியும் பளபளக்கும் கிரானைட்டும் அவற்றைக் குழப்பும். ஷோகேஸ் மேல் ஒரு பழைய வேட்டியைத் தொங்கவிட்டு விளையாடிப் பாருங்கள். ட்யூப் லைட் என்றால் குவெஸ்டின் அமைப்பில் டிராக்கிங் அலைவரிசையை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளையாடி முடித்ததும் ஹெட்செட்டை ஜன்னலோரம் வைத்துவிடாதீர்கள். லென்ஸ் வழியாக வெயில் விழுந்தால் பூதக்கண்ணாடி மாதிரி குவித்து உள்ளே திரையைச் சுட்டுவிடும், அதற்குச் சில நிமிஷமே போதும்.

எல்லாம் சரி, ஆனால் தலை சுற்றுகிறது

வரைபடத்தில் குறையில்லை, படம் உடையவில்லை, இருந்தும் ஒருவருக்கு மட்டும் வயிற்றைப் புரட்டுகிறது என்றால் இரண்டு கண்ணுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பாருங்கள். குவெஸ்ட் 2இலும் 3எஸ்ஸிலும் 58, 63, 68 மில்லிமீட்டர் என்று லென்ஸுகளுக்கு மூன்று நிலைகள்; குவெஸ்ட் 3இல் சக்கரத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். என் அம்மா முதல் நாள் ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை, "எனக்கு வேணாம்ப்பா" என்று உட்கார்ந்துவிட்டார். எனக்கு வைத்திருந்த நடுநிலையிலேயே கொடுத்திருந்தேன். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்த சீட்டை எடுத்துப் பார்த்தால் பி.டி. (இரண்டு கண்மணிக்கும் நடுவிலுள்ள தூரம்) என்ற இடத்தில் 59 என்று எழுதியிருந்தது. 58க்கு மாற்றிக் கொடுத்ததும் முதல் வார்த்தை: "இப்பத் தெளிவா இருக்கு."

முதல் தடவை போடுகிறவர்களுக்கு உட்கார்ந்து பார்க்கிற காட்சியைக் கொடுங்கள், ஃபேனை அவர்கள் பக்கம் திருப்புங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதை வைத்து உடம்பு தன் திசையைப் பிடித்துக்கொள்கிறது. குமட்டல் தொடங்கினால் பழகிவிடும் என்று சமாளிக்கவிடாதீர்கள். உடனே கழற்றி, தண்ணீர் கொடுத்து, அன்றைக்கு அவ்வளவோடு விடுங்கள். அம்மா இப்போது சாயங்காலம் அரை மணி நேரம் 72 ஹெர்ட்ஸில், சோபாவில் உட்கார்ந்தபடி, கடலுக்கு அடியில் திமிங்கிலம் பார்க்கிறார்.